தடுப்பூசிச் சண்டை பற்றி

குழு உறவுகளுக்கு வணக்கம். முன்பின் தெரியாத ஆட்களோடு முகப்புத்தகத்தில் மல்லுக்கு நின்றுவிட்டு, அந்த ஸ்கிரீன்ஷொட்டுகளை இங்கே கொட்டாதீர்கள். சின்னமுத்துக்குப் போடும் எம்.எம்.ஆர். ஊசியால் ஓட்டிசம் வரும் என்ற பயத்தைப் பரப்பியது, 1998இல் வேக்ஃபீல்ட் என்ற பிரித்தானிய மருத்துவரின் குழுவினர் 12 பிள்ளைகளை வைத்து லான்செட் மருத்துவ இதழில் எழுதிய கட்டுரை. 2010இல் லான்செட் அதை மீளப்பெற்றது. அதே ஆண்டு பிரித்தானிய மருத்துவர் பதிவிலிருந்து வேக்ஃபீல்டின் பெயரும் நீக்கப்பட்டது. இதை ஒருமுறை மரியாதையாகச் சொல்லுங்கள். பதிலுக்கு ஏச்சு வந்தால், சரி, விட்டுவிடுங்கள்.

ஆனால் உப்புவெளியிலோ நிலாவெளியிலோ ஒரு தாய் பயந்துபோய்க் கேட்டால் அது வேறு விசயம். அவவோடு ஆறுதலாக இருந்து கதையுங்கள். பிள்ளையின் கிளினிக் கொப்பியைப் பாருங்கள். 9 மாதத்தில் போடும் எம்.எம்.ஆர். ஊசி தவறியிருந்தால் குடும்பநல உத்தியோகத்தரிடம் கூட்டிப்போங்கள்.

சமயத்தை இழுத்து எழுதியவர்கள் இன்று மாலைக்குள் அந்தப் பதிவுகளை அழித்துவிடுங்கள், தயவுசெய்து.