வெப்சைட் ஸ்லைடர் வேலை சரியில்ல, சரி பண்ணித் தரணும்

வணக்கம் சார்,

நான் சின்னாளபட்டியில சுங்குடி சேலை வியாபாரம் பண்றேன். எங்க கடை வெப்சைட் முதல் பக்கத்துல சேலைப் படங்க பக்கவாட்டுல நகர்ற பேனல் ஒண்ணு, அதாவது ஸ்லைடர், வைக்கச் சொல்லி உங்ககிட்டதான் கொடுத்தேன், பேசின 18,000 ரூபாயும் முழுசா கட்டியாச்சு. மூணு தடவை போன் பண்ணியும் "எங்க சிஸ்டத்துல நல்லாத்தான் ஓடுது"ங்குற ஒரே பதில்தான் வருது, அதான் எழுதிக் கொடுக்குறேன்.

எதுக்கு அந்த பேனல்னு முதல் நாளே சொன்னேன். கடைக்கு வர்றவங்க யாரும் சேலையை மடிப்போட பாத்து வாங்கிட மாட்டாங்க, ஒரு முனையப் பிடிச்சு இழுத்து விரிச்சு பார்டர், உடல், முந்தின்னு வரிசையா பாப்பாங்க, புள்ளி கையால முடிச்சுப் போட்டு சாயம் ஏத்தினதா இல்ல அச்சுல அடிச்சதான்னு கண்ணுக்குக் கிட்ட வச்சுப் பாப்பாங்க. போன்லயும் அதே மாதிரி அவங்க விரலால தள்ளித் தள்ளி நிதானமா பாக்கணும்னுதான் கேட்டேன். நீங்க கொடுத்ததோ மூணு செகண்டுக்கு ஒருவாட்டி தானா ஓடுது, நிறுத்துறதுக்கு ஒரு பட்டன் கூட இல்ல.

போன வாரம் மதுரையில இருந்து ஒரு அக்கா கூப்பிட்டாங்க. "அரக்கு கலர் சேலையோட முந்தி பாக்கலாம்னு தொடுறேன், அதுக்குள்ள பச்சை வந்துடுது அண்ணே, பச்சைதான் தெறக்குது"ன்னாங்க. நான் லைன்லயே இருந்தேன், நாலு தடவை முயற்சி பண்ணிப் பாத்துட்டு அப்புறம் பேசுறேன்னு வச்சிட்டாங்க. இன்னும் கூப்பிடல. ரெண்டு நாள் உக்காந்து ஒவ்வொரு புள்ளியா கட்டின சேலை சார் அது, பாக்கவே முடியாமப் போனா மனசு வலிக்குது.

எங்க அக்கா மகன் வெப்சைட் செய்யுற வேலை பாக்குறவன், அவன்கிட்ட காட்டினேன். 9 படத்தையும் ஒரே வரிசையில வச்சிட்டு வெளிய இருக்குற பெட்டிக்கு ஓவர்ஃப்ளோ (பெட்டிய மீறி வர்றத என்ன செய்யணும்னு சொல்ற செட்டிங்) எதுவும் போடாம விட்டதாலதான் போன்ல மொத்த பக்கமும் இடமும் வலமும் ஆடுது, ஓரத்துல வெள்ளையா பட்டை தெரியுதுன்னான். கேமராவுல எடுத்த படத்த சுருக்காம அப்படியே ஏத்தியிருக்கீங்க, ஒண்ணு 4 எம்பி, கண்ணுக்குத் தெரியுறது ஒரு படம்தான் ஆனா பக்கம் தெறந்ததுமே 36 எம்பி இறங்குது, டேட்டா பாத்து செலவு பண்றவங்க எப்படி காத்திருப்பாங்க? இதுக்கு ப்ளகின்னு தனியா சேக்குற பெரிய மென்பொருள் எல்லாம் தேவையே இல்லையாம், பக்கத்தோட தோற்றத்த எழுதுற சிஎஸ்எஸ்ல ஸ்க்ரோல் ஸ்னாப்னு ஒண்ணு போட்டாலே விரல் தள்ளுற தள்ளுல படம் சரியா வந்து நிக்கும், மறைஞ்சிருக்குற படத்துக்கு லேசி லோடிங் (தேவைப்படும்போது மட்டும் படத்த இறக்குறது) போட்டா போதும்ங்குறான். இன்னொண்ணும் சொன்னான், தானா ஆரம்பிச்சு 5 செகண்டுக்கு மேல ஓடுற எதுக்கும் நிறுத்த வழி இருக்கணும்னு வெப் அணுகல் விதியிலயே இருக்காம், எல்லாரும் வெப்சைட்ட பயன்படுத்த முடியணும்னு எழுதின டபிள்யூசிஏஜிங்குற அந்த விதித் தொகுப்புல 2.2.2ன்னு நம்பரோட காட்டினான். வயசானவங்க, கை நடுங்குறவங்க எல்லாம் எங்ககிட்ட வாங்குறாங்க சார்.

அதனால தானா ஓடுறத எடுத்துடுங்க, ரெண்டு பக்கமும் அம்புக்குறி பட்டன் விரல் படுற அளவுக்கு பெருசா வைங்க, படங்கள சுருக்கி ஏத்துங்க, பக்கம் ஆடுறத நிறுத்துங்க. 10 நாள்ல முடிச்சு, கம்மி விலை ஆண்ட்ராய்டு போன் ஒண்ணுல என் முன்னாடி ஓட்டிக் காட்டணும். முடியாதுன்னா கட்டின பணத்தத் திருப்பிக் கொடுங்க, நான் வேற ஆள வச்சு செஞ்சுக்குறேன். பில்லும் போன்ல எடுத்த வீடியோவும் இதோட வச்சிருக்கேன், பதில எழுத்துலயே அனுப்புங்க.

இப்படிக்கு,
சுங்குடி சேலைக் கடை உரிமையாளர்,
சின்னாளபட்டி