அக்கா, அந்த இரண்டாம் பாதி என்னுடையது

அக்கா,

இன்றோடு பத்து வருஷம். எதற்கு என்று சொல்ல வேண்டியதில்லை. நீயும் காலையில் தேதியைப் பார்த்திருப்பாய்.

போன மாதம் அம்மாவின் வருஷத் திவசத்தில், இலை போட்டு உட்கார்ந்ததும் பெரியப்பா ஆரம்பித்தார். வழக்கமான கதைதான். “ஆமைக்குக் காவல் இருக்கக் கடல் தாண்டிப் போய், அங்கே குறட்டை விட்டுத் தூங்கினவ நம்ம வீட்டுப் பொண்ணு.” எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய், சிரித்துக்கொண்டே ரசத்துக்குக் குழி செய்தாய். நானும் சிரித்தேன். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தத் தூக்கம் பத்து வருஷத்துக்கு முன்பே வராமல் இருந்திருக்கலாம் என்று நீ நினைப்பாய். நினைத்துக்கொள்.

அதனால் எல்லோரும் படிக்கிற இடத்திலேயே எழுதிவிடுகிறேன். அன்று தூங்கியவள் அக்கா இல்லை. நான்.

தனியாகப் போன் போட்டுச் சொல்லியிருக்கலாமே என்பாய். உன்னிடம் சொல்ல என்ன இருக்கிறது? உனக்குத்தான் தெரியுமே. தெரியாதவர்களுக்குத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

சில விஷயங்களை இங்கே எழுதமாட்டேன். அந்த மூன்று வார விடுப்பில் நீ எதிலிருந்து தப்பித்து வந்தாய் என்பது உன் கதை. சித்தி இதைப் படிப்பாள், மாமா வீட்டிலும் படிப்பார்கள். நாம் வேலை செய்த அமைப்பின் பெயரும் வேண்டாம், கடற்கரையின் பெயரும் வேண்டாம். கிரீஸின் ஜாகிந்தோஸ் தீவின் லாகனாஸ் வளைகுடாவில் ஆமை முட்டையிடும் கடற்கரைகள் ஆறுதான். செகானியா இல்லை என்று மட்டும் சொல்லிவைக்கிறேன். அங்கே நம்மை யார் விட்டது?

நல்லதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் கோடையே ஒரு ராத்திரியாகச் சுருங்கிப்போகும். கிரீஸில் வங்கிகள் மூன்று வாரம் மூடிக்கிடந்து திறந்திருந்த சமயம் அது. ஊர்க்காரர்களுக்கு வாரத்துக்கு 420 யூரோவுக்கு மேல் எடுக்க முடியாது. நீ ஜெர்மனியிலிருந்து உள்பாவாடையில் பை தைத்துப் பணம் கொண்டுவந்தாய், அப்படியே நம் ஆயா மாதிரி. ஆலிவ் மரத்தடியில் நம் டென்ட். பதினான்கு பேருக்கு நீ வைத்த ரசத்தை ஒரு டச்சுப் பையன் சூப் என்று இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு, மிளகு ஏறி ஏரோபிக்ஸ் செய்தான். வளைகுடாவில் ஆமை முதுகு மாதிரியே மிதந்துகொண்டிருந்த மராத்தோனிசித் தீவைப் பார்த்து நீ சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. அங்கே மணல் வெளுப்பு, சூடு குறைவு, அதனால் ஆண் குஞ்சுகள் அதிகம் என்று அவர்கள் விளக்கியதும், “அப்போ அதுதான் மாப்பிள்ளை வீடு” என்றாய்.

ஆமை உன் பைத்தியம்தான், என்னுடையது இல்லை. அதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ராத்திரி முழுக்க நடக்கிற மாணவர்களோடு நீ போக ஆரம்பித்தபோது நான் பள்ளிக்கூடப் பெண். 1988-லிருந்து நடக்கிறார்கள் என்று நீ சொன்னபோது, நான் பிறப்பதற்கு முன்பிருந்தே ஒருவரும் தூங்கவில்லையா என்று கேட்டேனாம். ஒரு தடவை என்னையும் கூட்டிப்போனாய். பங்குனி ஆமை ஒன்று கண்ணீர் வழிய மணலைத் தோண்டிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்ததும் அம்மா வாசலிலேயே நிறுத்தி, “ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது” என்று தலையில் தண்ணீர் தெளித்தாள். நீ சிரித்தாய். நான் பயந்தேன்.

சென்னையில் முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைத்து, குஞ்சுகளைக் கூடையில் கொண்டுபோய் விடுவீர்கள். ஜாகிந்தோஸில் முடிந்தவரை கூட்டைத் தொடமாட்டார்கள். அடையாளம் வைத்து, கம்பிவலை போட்டு, பொரிக்கும் நாள் நெருங்கினால் கரைப்பக்கம் நாணல் தட்டி நட்டு விளக்கு வெளிச்சத்தை மறைப்பார்கள். மற்றதைக் குஞ்சு பார்த்துக்கொள்ளும். “நம்ம ஊர்ல இப்படி விட்டா நாய்க்குத்தான் தீனி” என்று முதல் நாளே நம் குழுத் தலைவியிடம் நீ சண்டைக்குப் போனாய். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இங்கே தொடாதே” என்றாள். உன் கை துருதுருத்ததை நான் பார்த்தேன்.

சரி, அந்த ராத்திரி.

ஆகஸ்ட் 14. அமாவாசை. மறுநாள் மாதாவின் விண்ணேற்புத் திருநாள் என்பதால் கரையோரத்து பார்களில் பாட்டும் விளக்கும் ஓயவில்லை. நம் கூட்டுக்கு 54-வது நாள். மணல் லேசாகக் குழிந்திருந்தது. உள்ளே அசைகிறார்கள் என்று அர்த்தம். ஒரு மணி வரை நீ, அதற்குப் பிறகு நான். நீ என்னை எழுப்பி, சிவப்பு டார்ச்சைக் கையில் கொடுத்து, “இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை பாரு. குஞ்சு வந்தா என்னை எழுப்பு” என்றாய். வானத்தில் எரிநட்சத்திரங்கள் விழுந்துகொண்டிருந்தன. அந்த வாரம் அவற்றுக்குப் பருவம். நான் எண்ண ஆரம்பித்தேன். ஒன்பது வரை எண்ணியது ஞாபகம் இருக்கிறது.

என் பக்கத்தையும் சொல்லவிடு. அன்று காலை ஐந்தரைக்கே தடம் பார்க்கும் நடையில் இருந்தேன். மதியம் முழுக்க வெயிலில், குடைகளைத் தண்ணீர்ப் பக்கம் நகர்த்துங்கள் என்று டூரிஸ்டுகளிடம் கெஞ்சினேன். தட்டிகளை நட்டதும் நான் இல்லை. அவற்றில் ஒன்று காற்றில் சாய்ந்திருந்தது. எனக்கு 23 வயது. எழுதி முடித்துப் படித்துப் பார்த்தால், ஒவ்வொரு வாக்கியமும் உண்மை, எல்லாம் சேர்ந்தால் பொய்.

நீ உலுக்கியபோது விடிந்துகொண்டிருந்தது. நீ ஒன்றும் பேசவில்லை. மணலைக் காட்டினாய்.

விசிறி மாதிரி கடலைப் பார்த்து விரிய வேண்டிய தடங்கள். பாதி அப்படித்தான் போயிருந்தன. மீதி, கூட்டிலிருந்து ஓரடி தள்ளி ஒரு வட்டமடித்து, சாய்ந்த தட்டியைச் சுற்றிக்கொண்டு மேடேறி பார் பக்கம் போயிருந்தன. அமாவாசையில் கடலைவிட பார்தான் வெளிச்சம். வெளிச்சம் எங்கேயோ அங்கேதான் கடல் என்று நம்பிப் போகிற ஜீவன். நாம் ஆளுக்கொரு தடத்தைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டுப் போனோம். மணல்மேட்டில் அந்த வெள்ளை அல்லி பூத்திருந்தது. அதன் வாசனை இப்போதும் எனக்குக் குமட்டும். வேர்களுக்குள் சில மாட்டியிருந்தன. சில பாருக்குப் பின்னால் கார் நிறுத்தும் இடம் வரை போயிருந்தன. அதை விவரிக்கமாட்டேன்.

நீ எடுத்து எடுத்து நீல வாளியில் போட்டாய். ஈர மணல் பரப்பிய வாளி, என் கையில். 15 கிராம் இருக்குமா ஒவ்வொன்றும்? ஆனால் அந்தச் சத்தம். பிளாஸ்டிக்கில் சின்னச் சின்னத் துடுப்புகள் உரசும் சரசரப்பு, நிற்காமல். திசை தப்பி ராத்திரி முழுக்க நடந்த பிறகும் அவை நடந்துகொண்டே இருந்தன, வாளிக்குள். இன்றைக்கும் யாராவது பக்கத்தில் பாலித்தீன் பையைக் கசக்கினால் எனக்கு முதுகு சில்லிடும்.

தலைவி வந்தாள். வாளியைப் பார்த்தாள், தடங்களைப் பார்த்தாள். “இரண்டாம் பாதி யாருடையது?” என்று கேட்டாள்.

“என்னுடையது” என்றாய் நீ.

நான் வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் வாய் திறக்க எவ்வளவு நேரம் இருந்தது தெரியுமா? நிறைய. அவள் குனிந்து தட்டியை நிமிர்த்தி, மணலைத் தட்டிவிட்டு, உன்னை ஒரு தடவை, என்னை ஒரு தடவை பார்த்து, வெயில் ஏறும் முன் விடவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போகும் வரை எனக்கு நேரம் இருந்தது. தண்ணீருக்குச் சில அடி முன்னால் அவற்றை இறக்கி வைத்தோம், மிச்சத் தூரத்தை அவையே நடக்கும்படி. உனக்குத் தொடக் கிடைத்தது, அக்கா, கடைசியில். அப்போதும் நீ அழவில்லை. நான்தான் அழுதேன், அதையும் நீதான் சமாதானப்படுத்தினாய்.

கடலுக்குப் போன தடங்கள் 34. வாளியில் 23. செத்தவை 11. பத்து நாள் கழித்துக் கூட்டைத் தோண்டியபோது வெற்று ஓடுகள் 88 இருந்தன. அப்போது நீ இல்லை. நான்தான் பத்துப் பத்தாக அடுக்கி எண்ணினேன். மீதி 20 எங்கே போயின என்று கணக்கில்லை.

ஆயிரத்தில் ஒன்றுதான் பெரிய ஆமையாகும் என்பார்கள். அதை வைத்து நான் எத்தனை கணக்குப் போட்டிருக்கிறேன்! ஆயிரத்தில் ஒன்று என்றால் 31 போனதில் ஒன்றுகூட இல்லை, அப்படியானால் நான் யாரையும் கொல்லவில்லை. அதே 2015-ல்தான் மத்தியதரைக் கடலின் பெருந்தலை ஆமைகளை, அதாவது நம் குஞ்சுகளின் இனத்தை, ‘கவலை குறைந்த இனம்’ என்ற பட்டியலில் சேர்த்தார்கள். அதிலும் ஆறுதல் தேடினேன். பாதுகாப்பு தொடர்ந்தால்தான் அந்த நிலை நீடிக்கும் என்று கூடவே எழுதியிருந்ததை, படிக்காத மாதிரி தாண்டிப்போனேன்.

உன்னை ராத்திரி வேலையிலிருந்து எடுத்துவிட்டு ஓட்டல் ஓட்டலாகப் பேச அனுப்பினார்கள். மிச்சமிருந்த நாட்களில் நீ பீர் குடித்துக்கொண்டிருந்த கூட்டத்திடம், 1999-ல் இங்கே தேசியக் கடல் பூங்கா வந்தது, 2002-ல் இந்த ஆமைகளைச் சரியாகக் காக்கவில்லை என்று ஐரோப்பிய நீதிமன்றம் கிரீஸுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது, ராத்திரியில் கடற்கரைக்குப் போகாதீர்கள், வெளிச்சம் குஞ்சுகளைக் கொல்லும் என்று சிரித்த முகத்தோடு சொல்லிக்கொண்டிருந்தாய். நான் கடைசி வரிசையில் ப்ரொஜெக்டரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்தத் தலைவியின் சிபாரிசுக் கடிதத்தில்தான் எனக்கு மேல்படிப்பு கிடைத்தது. ‘இரவுப் பணியில் பொறுப்பானவர்’ என்று அதில் ஒரு வரி உண்டு. இன்று நான் பார்க்கும் வேலை, போகும் கூட்டங்கள், என் பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் எழுத்துகள் எல்லாம் அந்த வரியின் மேல்தான் நிற்கின்றன. நீயோ அதற்குப் பிறகு ஒரு கடற்கரையிலும் ராத்திரி நடக்கவில்லை. சென்னைக்கு வந்தால்கூட. “முட்டி வலி” என்கிறாய். உனக்கு முட்டி வலி கிடையாது.

திவசம் முடிந்த வாரம் தலைவிக்கு மெயில் எழுதினேன். எல்லாவற்றையும் சொன்னேன். மூன்றாம் நாள் பதில் வந்தது: ‘ஷிப்ட் பட்டியலை எழுதியதே நான்தான். எனக்கு அன்றே தெரியும். உன் அக்கா அப்படிச் சொல்ல விரும்பினாள், விட்டுவிட்டேன்.’

அதைப் படித்ததும் எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. உன் மேல்.

யாரைக் கேட்டுச் சொன்னாய்? ஆறு வயதில் அப்பாவின் ரேடியோவை நான் உடைத்தபோதும் “நான்தான்” என்றாய். பத்தாம் வகுப்பில் என் பையில் கிடைத்த கடிதத்துக்கும் “என்னோடது” என்றாய். (யார் எழுதியது என்று பெரியப்பா இப்போதும் கேட்கக்கூடாது.) நான் செய்த எதையும் நான் செய்ததாக இருக்கவே நீ விட்டதில்லை. அடியும் உனக்கு, பெருமையும் உனக்கு, எனக்கு வாயடைப்பு. அந்தக் காலையில் நீ இன்னும் பத்து விநாடி பொறுத்திருந்தால் நான் சொல்லியிருப்பேன் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். சொல்லியிருப்பேனா? தெரியாமலே போய்விட்டது, அக்கா. அதற்காகத்தான் உன்னால் மன்னிக்க முடியவில்லை என்று எழுத வந்தேன், கை ‘உன்னை’ என்பதற்குப் பதில் ‘உன்னால்’ என்று எழுதிவிட்டது. அப்படியே இருக்கட்டும்.

அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். ஆஸ்பத்திரியில் அந்தக் கடைசி வாரம் அம்மா உன்னைப் பார்த்து, “நீ பார்த்துக்குவ, ஆனா தூங்கிடாதடி” என்றாள். நர்ஸுகூடச் சிரித்தாள். நீ அம்மாவின் போர்வையை இழுத்துவிட்டாய். நான் அப்போது கட்டிலின் இந்தப் பக்கம் இருந்தேன். பத்து விநாடி என்ன, பத்து நாள் இருந்தது.

உன் சிவப்பு டார்ச் என்னிடம்தான் இருக்கிறது. பேட்டரி கசிந்து ஸ்பிரிங் பச்சை பிடித்துவிட்டது. சுரண்டிப் பார்த்தேன், எரிகிறது. சென்னையில் ஆமை நடை ஜனவரியில் ஆரம்பிக்கும். உன்னைக் கூப்பிடவில்லை, கூப்பிட்டால் எனக்காக வருவாய். நீயாக வந்தால் வா.

கார்த்திகையில் சித்தி பெண் கல்யாணம். பெரியப்பா இதைப் படித்தாலும் படிக்காவிட்டாலும் பந்தியில் அதே கதையை எடுப்பார். அப்போது நீ சிரிக்காதே, குனியாதே, ரசம் கேட்காதே. சும்மா இரு. நான் பேசிக்கொள்கிறேன்.