பத்து விநாடிகளின் பதிவைக் காட்டுங்கள்: மாறும் வேக வரம்பு அறிவிப்புகள் குறித்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

இங்கிலாந்தில் மோட்டார்வே எனப்படும் விரைவு நெடுஞ்சாலைகளில் வேகக் கேமராக்களின் பதிவைக் கொண்டு குற்ற அறிவிப்புகளை அனுப்பும் காவல்துறைப் பிரிவுகளுக்கும், அந்தச் சாலைகளின் வேக வரம்புப் பலகைகளை இயக்குவோருக்கும் இம்மடலை எழுதுகிறேன். மாறும் வேக வரம்பை, அதாவது நெரிசலுக்கேற்ப மின்பலகையில் மாற்றிக் காட்டப்படும் வரம்பை, ஒழிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. 1995இல் லண்டனைச் சுற்றிச் செல்லும் எம்25 மோட்டார்வேயின் ஒரு பகுதியில் அறிமுகமான அந்த ஏற்பாடு, நெரிசல் நேரத்தில் வண்டிகள் நின்று நின்று நகர்வதைக் குறைப்பதற்காக வந்தது. அந்த நோக்கத்தில் எனக்குக் குறையேதும் தெரியவில்லை. நான் கேட்பது ஒன்றுதான். குறைக்கப்பட்ட வரம்பை மீறியதாக ஒருவருக்கு அறிவிப்பு அனுப்பும்போது, பலகை எந்த விநாடியில் மாறியது, அதற்கு முன் அது எந்த வரம்பைக் காட்டிக்கொண்டிருந்தது என்ற பதிவையும் அதனுடன் இணைத்து அனுப்புங்கள்.

இதைச் சலுகையாகக் கேட்கவில்லை. மாறும் வேக வரம்புள்ள மோட்டார்வேப் பகுதிகளுக்கென இயற்றப்பட்ட விதிமுறைகளில் வழக்கமாக இடம்பெறும் ஒரு பிரிவு, வண்டி பலகையைக் கடக்கும் கணத்தில் அது காட்டிய வரம்பே அந்த வண்டிக்குரியது என்றும், அதற்குப் பத்து விநாடிகளுக்கு முன் பலகை அதைவிட உயர்ந்த வரம்பைக் காட்டியிருந்தால் அந்த உயர்ந்த வரம்பே பொருந்தும் என்றும் கூறுகிறது. காரணம் வெளிப்படையானது. மணிக்கு 70 மைல் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் ஏறத்தாழ 31 மீட்டர் ஓடிவிடும். பத்து விநாடிகளில் முந்நூறு மீட்டருக்கு மேல். கண்முன்னே பலகை மாறியதைக் கண்டு ஓட்டுநர் பிரேக்கை அழுத்தி மிதித்தால், பின்னால் வருபவரின் உயிருக்கு யார் பொறுப்பு? சட்டத்தை எழுதியவர்கள் இதை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். அறிவிப்பை வடிவமைத்தவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

நிலையான வரம்புள்ள சாலையில் நிரூபிக்க வேண்டியது பெரும்பாலும் வண்டியின் வேகம் மட்டுமே. மாறும் வரம்புள்ள சாலையிலோ, வேகத்தோடு அந்தக் கணத்தில் அந்த வண்டிக்குப் பொருந்திய வரம்பு எது என்பதையும் நிரூபிக்க வேண்டும். மணிக்கு 69 மைல் வேகத்தில் சென்ற ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். வரம்பு 70 என்றால் அவர் சட்டத்துக்கு உட்பட்டவர். வரம்பு 60 என்றால், வரம்போடு அதன் பத்து விழுக்காடும் இரண்டு மைலும் சேர்த்துக் காவல்துறை வழக்கமாகக் கைக்கொள்ளும் 68 என்ற எல்லையையும் தாண்டியவர். அவர் வேகத்தைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை, மாறியது பலகை. அதுவும் பல வேளைகளில் மனிதர் எவரும் முடிவெடுத்து மாறுவதில்லை. சாலையில் பதித்த உணரிகள் வண்டிகள் தேங்குவதைக் கண்டறிந்ததும், கணினி தானாகவே எண்ணைக் குறைத்துவிடுகிறது. எனவே கேமராப் படத்தில் வண்டியின் எண் பலகை எவ்வளவு தெளிவாக விழுந்திருந்தாலும், முந்தைய பத்து விநாடிகளைப் பற்றி அந்தப் படம் ஒன்றும் சொல்லாது.

இப்போது வரும் அறிவிப்பு இடம், நாள், நேரம், வேகம், வரம்பு ஆகியவற்றைச் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. முதல் அறிவிப்பு பதிவுபெற்ற உரிமையாளருக்குப் பதினான்கு நாட்களுக்குள் சேர வேண்டும் என்பது சட்டம். ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்து உறையைப் பிரித்துப் பார்ப்பவர், தலைக்கு மேல் போன ஒரு பலகை எப்போது மாறியது என்பதை எப்படி நினைவுகூர்வார்? வண்டியின் முன்புறம் டாஷ்கேம் என்னும் பதிவுக் கேமரா வைத்திருப்பவருக்கும் உறுதியில்லை; பல கருவிகள் பழைய பதிவை அழித்து அதன்மேல் புதியதை எழுதிவிடும். பலகைகள் எப்போது எதைக் காட்டின என்ற மின்பதிவு உங்கள் தரப்பில்தான் இருக்கிறது.

இங்கே வாசகர்களுக்கு ஒரு சொல். வரம்பைப் பற்றிய ஐயத்தைக் காட்டி, ஓட்டுநர் யார் என்று கேட்கும் படிவத்தை நிரப்பாமல் வைத்திருக்காதீர்கள். 28 நாட்களுக்குள் அதற்குப் பதிலளிக்கத் தவறுவது தனிக் குற்றம். அதற்கு ஓட்டுநர் உரிமத்தில் ஆறு தண்டப் புள்ளிகள், அதாவது சாதாரண வேகக் குற்றத்துக்குரிய குறைந்தபட்சப் புள்ளிகளைப் போல இரு மடங்கு. ஓட்டியவர் பெயரைத் தெரிவிப்பது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகாது.

அதிகாரிகளே, அந்தப் படிவம் திரும்பிய பிறகு நடப்பதே என் முறையீட்டின் மையம். வேகம் மிக அதிகமாக இல்லாவிட்டால் பயிற்சி வகுப்பு, அல்லது 100 பவுண்டு அபராதமும் மூன்று புள்ளிகளும், அல்லது நீதிமன்றம் என்ற தெரிவுகள் ஓட்டுநர்முன் வைக்கப்படுகின்றன. முதல் இரண்டில் எதை ஏற்று முடித்தாலும் விவகாரம் அத்தோடு முடிந்துவிடும். நீதிமன்றத்துக்குப் போனால் மோட்டார்வே வேகக் குற்றத்துக்கு அபராதம் 2,500 பவுண்டு வரை உயரலாம், வழக்குச் செலவும் சேரலாம். கருவியின் பதிவைச் சான்றாகக் கொள்வதற்கு, அதன் படியை விசாரணைக்குக் குறைந்தது ஏழு நாட்களுக்கு முன் எதிர்த்தரப்புக்குக் கொடுத்தால் போதும் என்கிறது 1988ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துக் குற்றவாளிகள் சட்டம். அதாவது, எந்த வழி என்று முடிவெடுத்த பிறகே முழுச் சான்று கைக்கு வருகிறது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். நீங்களோ ஆழத்தை அளந்து வைத்துக்கொண்டு, முதலில் காலை விடு என்கிறீர்கள். ஏற்கெனவே ஒன்பது புள்ளிகளோடு வண்டியோட்டிப் பிழைக்கும் ஒருவருக்கு இன்னும் மூன்று சேர்ந்தால் உரிமமே பறிபோகலாம். தன் பக்கம் நியாயம் இருக்கிறதா என்று அறியாமலே அவர் தெரிவு செய்ய வேண்டியிருக்கிறது.

இந்தப் பதிவைக் கொடுத்தால் தப்பிக்க வழி தேடுவோர் பெருகுவார்கள் என்று நீங்கள் அஞ்சலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தான் கடப்பதற்குப் பல நிமிடங்களுக்கு முன்பே பலகை 60 காட்டியது என்று பதிவில் பார்ப்பவருக்கு அதற்குமேல் வாதிட என்ன இருக்கிறது? ஐயத்தால் மட்டுமே நீளும் கடிதப் போக்குவரத்து அங்கேயே நின்றுவிடும். உண்மையிலேயே பத்து விநாடிகளுக்குள் சிக்கியவருக்கோ, அறிவிப்பே போயிருக்கக் கூடாது. செலவைப் பற்றிச் சொல்வதானால், படங்களை இணையத்தில் காட்டும் பிரிவுகளுக்கு அவற்றின் கீழே சில வரிகளைச் சேர்ப்பது பெரும் சுமையாகாது.

அந்த வரிகளில் இருக்க வேண்டியவை: வண்டி கடந்த பலகையின் அடையாளம், கடந்த நேரம், விநாடி வரை, அதற்கு முந்தைய இரண்டு நிமிடங்களில் அந்தப் பலகை காட்டிய வரம்புகளும் அவை மாறிய நேரங்களும். இணைப்புச் சாலை வழியாக இரு பலகைகளுக்கு இடையே வந்து சேர்ந்தவருக்கு, அவர் நுழைந்த இடத்தில் எந்தப் பலகை வரம்பைக் காட்டியது என்பதும் தேவை. இந்த முறை நடைமுறைக்கு வரும்வரை, பதிவைக் கேட்டு எழுதும் ஓட்டுநருக்கு அது கிடைக்கும் நாள் வரையில், பயிற்சி வகுப்பையோ அபராதத்தையோ ஏற்பதற்கான கெடுவை நிறுத்தி வையுங்கள்.

இப்படிக்கு,
மோட்டார்வேயில் வழக்கமாக வண்டியோட்டும் ஒருவர்