கண்ணுக்கான எண்ணெய்க் கேப்சூல் தயாரிப்பாளர்களுக்கு

தாவர எண்ணெயைக் கேப்சூலில் அடைத்து, கண் வறட்சி தீரும் என்று விற்பவர்களே, வணக்கம்.

நான் உங்கள் வாடிக்கையாளன். எட்டு மாதங்கள் விடாமல் ஆளி விதை எண்ணெய் விழுங்கியவன். காலையில் இமைக்குள் மணல் கிடப்பதுபோல உறுத்தும். மாலையில் அதே கண்ணில் நீர் வழியும். வறண்ட கண்ணில் நீர் ஏன் வழிகிறது என்று மருத்துவர் விளக்கிய பிறகுதான் உங்கள் டப்பாவை ஒழுங்காகப் படித்தேன்.

கண்ணீரின் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் உண்டு. இமை ஓரத்து மைபோமியன் சுரப்பிகள் அதைச் சுரக்கின்றன. அவை அடைத்துக்கொண்டால் கண்ணீர் சீக்கிரம் ஆவியாகிவிடும். எரிச்சல் தாங்காத கண் நீரைக் கொட்டும். எண்ணெய் குறைகிறது, ஆகவே எண்ணெய் குடியுங்கள் என்கிறீர்கள். குடித்த எண்ணெய் குடலில் செரிக்கிறது ஐயா, இமைக்கு ஒழுகிப் போவதில்லை.

டப்பாவில் கொட்டை எழுத்தில் 'ஒமேகா-3' என்று இருக்கிறது. அது ஒரு கொழுப்பு அமில வகையின் பெயர், அதில் பல அமிலங்கள் உண்டு. ஆளி விதையில் இருப்பது ஆல்பா லினோலெனிக் அமிலம். மீன் எண்ணெயில் இருப்பவை இபிஏ, டிஹெச்ஏ. முதலாவதை உடல் இபிஏவாக மாற்றுவதே சொற்பம். டிஹெச்ஏவாக மாற்றுவது அதிலும் சொற்பம். மீன் எண்ணெயை வைத்து நடந்த ஆய்வைக் காட்டி விதையை விற்பது எந்த ஊர் நியாயம்?

அந்த மீன் எண்ணெயின் கதையும் கேளுங்கள். 2018இல் வெளிவந்த 'ட்ரீம்' ஆய்வில் கண் வறட்சி உள்ள 535 பேர் ஓராண்டு பங்கெடுத்தார்கள். ஒரு குழுவுக்கு நாளுக்கு 3,000 மில்லிகிராம் மீன் எண்ணெய் ஒமேகா-3, மற்றதற்கு ஆலிவ் எண்ணெய். நூறு புள்ளி அளவுகோலில் தொல்லை முறையே 13.9, 12.5 புள்ளிகள் குறைந்தது. கணக்கில் கொள்ளத்தக்க வித்தியாசம் இல்லை. ஆலிவும் தாவரம்தானே என்று நீங்கள் துள்ள வேண்டாம். எண்ணெயே தராத குழு அங்கே இல்லை. தேறியது எண்ணெயாலா, நம்பிக்கையாலா, நாள் போனதாலா என்று எப்படிப் பிரிப்பது?

சீ பக்தார்ன் என்ற முட்செடிப் பழத்தின் எண்ணெய் விற்பவர்களிடம் ஓர் ஆதாரம் இருக்கிறது: 2010இல் வெளியான ஃபின்லாந்து ஆய்வில், தினம் 2 கிராம் வீதம் மூன்று மாதம் எடுத்தவர்களுக்குக் குளிர்காலத்தில் கண்ணீரின் உப்புச்செறிவு (வறட்சி கூடினால் இது ஏறும்) மற்றவர்களைவிடக் குறைவாகவே ஏறியது. அதை அந்த அளவிலேயே சொல்லுங்கள்.

டப்பாவில் எந்த அமிலம் எத்தனை மில்லிகிராம் என்று அச்சிடுங்கள். ஒவ்வாமை மாத்திரைகள் சிலவும் கண்ணை உலர்த்தும் என்று ஒரு வரி சேருங்கள். என் கண்ணுக்கு அந்த ஒரு வரிதான் தேவைப்பட்டது. அது உங்கள் டப்பாவில் இல்லை.

இப்படிக்கு,
மீதிக் கேப்சூல்களை அலமாரியில் வைத்திருக்கும் ஒருவன்