கப்பல் கட்டியவர்களையும் நினைப்போம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போர்க்கப்பல் வரலாறு எழுதும்போது தளபதிகளையும் சண்டைகளையும்தான் நாம் பெரிதாகச் சொல்கிறோம். கப்பல் கட்டிய இடம் ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. அது எனக்கு வருத்தம் தருகிறது.

அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகத்தில் எட்மண்ட் ஹார்ட் என்பவரின் கப்பல் கட்டும் தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வட ஆப்பிரிக்காவின் அல்ஜியர்ஸ் கடற்கொள்ளையர் அமெரிக்க வணிகக் கப்பல்களைப் பிடித்துவந்த காலம். 1794-இல் அமெரிக்கக் காங்கிரஸ் ஆறு போர்க்கப்பல்களுக்கு அனுமதி கொடுத்தது. வேலையும் பணமும் ஒரே ஊருக்குப் போகாமல் ஆறு துறைமுகங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். ஹார்ட் தளத்துக்குக் கிடைத்தது 'கான்ஸ்டிட்யூஷன்'. வடிவமைத்தவர் பிலடெல்பியாவின் ஜோஷுவா ஹம்ப்ரீஸ். இரும்பு போன்ற லைவ் ஓக் மரம் தூரத்து ஜார்ஜியாவில் வெட்டப்பட்டு, கடல் வழியாக வந்தது. செம்பு ஆணிகளைத் தந்தவர் பாஸ்டனின் உலோகக் கைவினைஞர் பால் ரெவெர்.

கடலில் இறக்கியதுதான் பெரிய பாடு. 1797 செப்டம்பர் 20 அன்று கூட்டம் காத்திருக்க, கப்பல் 27 அடி மட்டுமே நகர்ந்து நின்றுவிட்டது. எடை தாங்காமல், கப்பலைத் தண்ணீருக்குள் சறுக்கி இறக்கும் சறுக்குத்தளம் அமுங்கிவிட்டதாம். இரண்டு நாள் கழித்து மறுபடி முயன்றும் பலிக்கவில்லை. அப்புறம் சறுக்குத்தளத்தைச் சரிசெய்து, அக்டோபர் 21 அன்றுதான் இறக்கினார்கள்.

அந்தக் கப்பல் பலமுறை பழுதுபார்க்கப்பட்டு இன்றும் பாஸ்டனில் மிதக்கிறது. இதுபோன்ற தளங்களையும் தச்சர்களையும் பற்றித் தங்கள் நாளிதழில் ஒரு தொடர் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்