நெல்லைச் சீமையில் எல்.இ.டி. பல்பு பூட்டும் அண்ணாச்சிமாருக்கு ஒரு திறந்த மடல்

பேட்டையிலும் பாளையங்கோட்டையிலும் தென்காசியிலும் வள்ளியூரிலும் சிறு பட்டறை வைத்தோ, சுயஉதவிக் குழுவாகவோ எல்.இ.டி. விளக்கு பூட்டி விற்கும் அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

"உங்கள் பல்பு எங்கள் காப்புரிமையை (பேட்டன்ட்) மீறுகிறது, இத்தனை ரூபாய் கட்டுங்கள்" என்று வக்கீல் நோட்டீஸ் வந்தால் என்ன செய்வது? இந்த மடல் அதற்குத்தான்.

முதலில் காப்புரிமை எண்ணைத் தேடுங்கள். எண்ணே இல்லையென்றால் எழுதிக் கேளுங்கள். இருக்கும் எண் அமெரிக்காவுடையதோ ஜப்பானுடையதோ என்றால், இந்தியாவில் செய்து இந்தியாவிலேயே விற்கும் சரக்கின் மேல் அது செல்லாது. இந்திய எண் என்றால், காப்புரிமை அலுவலகத் தளத்தில் காசில்லாமலே தேடிப் பார்க்கலாம். ஆண்டுக் கட்டணம் கட்டியிருக்கிறார்களா, காலாவதியாகிவிட்டதா என்பதும் அங்குள்ள பதிவேட்டிலேயே தெரியும்.

இதில் பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. 2016 முதல் விண்ணப்ப எண் 12 இலக்கம். முதல் நான்கு இலக்கம் இந்தியாவில் தாக்கல் செய்த ஆண்டு. ஐந்தாவது இலக்கம் 4 என்றால் சென்னை அலுவலகத்தில் போட்டது. ஆறாவது 7 என்றால் சர்வதேச (பி.சி.டி.) விண்ணப்பத்தின் வழி வந்தது. அப்படி வந்ததற்குக் காப்புரிமையின் 20 ஆண்டு ஆயுள் சர்வதேசத் தாக்கல் நாளிலிருந்தே ஓடும். எண்ணில் 2018 என்று இருந்தாலும் ஆயுள் பெரும்பாலும் அதற்கு முன்பே தொடங்கியிருக்கும்.

ஆயுள் முடிந்தால் என்ன ஆகும் என்பதற்கு வெள்ளை வெளிச்சமே சான்று. நீல சிப் ஒன்றின் மேல் சீரியம் கலந்த இட்ரியம் அலுமினியம் கார்னெட் என்ற மஞ்சள் பாஸ்பரை (ஒளியின் நிறத்தை மாற்றும் பொடியை) பூசினால் வெள்ளை ஒளி வரும். நீங்கள் வாங்கும் 2835 அளவு சிப் பெரும்பாலும் இதுதான். இதற்கு ஜப்பானின் நிச்சியா நிறுவனம் 1997 ஜூலையில் அமெரிக்காவில் விண்ணப்பித்துப் பெற்ற 5,998,925 என்ற காப்புரிமையை வைத்து ஆண்டுக்கணக்கில் வழக்காடியது. 2015-இல் மிச்சிகன் ஜூரி, தைவானின் எவர்லைட் நிறுவனம் தொடுத்த வழக்கில், அந்தக் காப்புரிமையின் சில கோரிக்கைகள் (எதற்கு உரிமை என்று சொல்லும் வரிகள்) செல்லாது என்றது. 2017-இல் காலமும் முடிந்தது. ஆகவே "வெள்ளை எல்.இ.டி.யே எங்களுடையது" என்று யாராவது மொட்டையாக எழுதினால் நடுங்க வேண்டியதில்லை.

ஆனால் உயிரோடு இருக்கும் காப்புரிமைகளும் உண்டு. அவை பெரும்பாலும் நீங்கள் ஆசைப்பட்டுச் சேர்க்கும் கூடுதல் வசதிகளில்தான் ஒளிந்திருக்கும். ஹோட்டல்காரர்கள் விரும்பிக் கேட்கும் ஃபிலமென்ட் பல்பை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒளி ஊடுருவும் பட்டையில் சிப்களை அடுக்கி, பாஸ்பரால் மூடி, இரு பக்கமும் வெளிச்சம் விடுவது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 2019-இல் இதே வகைப் பல்புக்காக அமேசான், வால்மார்ட், ஐக்கியா உள்ளிட்ட பெரிய கடைக்காரர்கள் மேல் அமெரிக்க சர்வதேச வர்த்தக ஆணையத்தில் புகார் கொடுத்தது. செய்தவனை விட்டுவிட்டு விற்றவனைப் பிடித்தார்கள், கவனியுங்கள். நிறம் மாறும் பல்பு, ரிமோட்டில் மங்கும் பல்பு, வித்தியாசமான டிரைவர் சுற்று (சிப்புக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் பகுதி) ஆகியவையும் இந்த வகையில்தான் சேரும். சிவப்பு தூக்கலாகத் தெரியும் சிப் வாங்கினால் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் ஸ்பெக்ட்ரோமீட்டரில் பாருங்கள். 631 நானோமீட்டர் பக்கம் ஊசிபோல் கூர்மையான கோடு தெரிந்தால், அது மாங்கனீசு கலந்த ஃப்ளூரைடு பாஸ்பர். அதன் உரிமத்தை விற்றவரிடம் கேட்காமல் வாங்காதீர்கள்.

பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு இருக்கிறதே என்பார்கள் சிலர். அந்தப் பதிவுக்கான ஐ.எஸ். 16102 (பகுதி 1) பாதுகாப்புக்கான தரம். காப்புரிமைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

உண்மையில் உங்களைக் காப்பது காகிதம்தான். 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 107ஏ பிரிவின்படி, தயாரிக்கவும் விற்கவும் சட்டப்படி அதிகாரம் பெற்றவரிடமிருந்து இறக்குமதி செய்த பொருள் மீறல் ஆகாது. இதை நிரூபிக்க பில் வேண்டும். சென்னை ரிச்சி தெருவிலோ டில்லி பகீரத் பேலஸ் சந்தையிலோ துண்டுச்சீட்டில் வாங்கிய சரக்கை வைத்துக்கொண்டு என்ன காட்டுவீர்கள்? சிப் சுற்றி வரும் ரீல் தீர்ந்ததும் அதன் லேபிளைக் குப்பையில் போடாமல், எந்த லாட் பல்புக்குப் போனது என்று எழுதி நோட்டில் ஒட்டுங்கள். இரண்டு ரீலை ஒரே லாட்டில் கலக்காதீர்கள். சிப் பதித்த அலுமினியத் தட்டாக வாங்குகிறவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். அடுத்த லாட்டில் சொல்லாமல் கொள்ளாமல் வேறு சிப் வந்துவிடும். ஆர்டரிலேயே சிப்பின் பெயரையும் மாடல் எண்ணையும் எழுதி, "காப்புரிமை வழக்கு வந்தால் செலவும் நஷ்டமும் விற்றவரைச் சேரும்" என்று ஒரு வரி சேருங்கள். கையெழுத்துப் போட மறுக்கிற ஆளைப் பற்றி அதிலேயே தெரிந்துவிடும்.

நோட்டீஸ் வந்த நாளைக் குறித்து, அதை உறையோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். காப்புரிமை இருப்பது தெரியாமலும், தெரிந்திருக்க நியாயமான காரணம் இல்லாமலும் செய்தவரிடம் நஷ்டஈடு வாங்க முடியாது என்கிறது 111-ஆம் பிரிவு. நோட்டீஸ் கைக்கு வந்த பிறகு அந்தச் சமாதானம் எடுபடாது. விற்பனையை நிறுத்தச் சொல்லும் தடையாணையும் இதனால் நின்றுவிடாது.

பதிலை வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். "தெரியாம செஞ்சுட்டோம் சார்" என்ற ஒரு வரி போதும், ஒப்புதலாக நீட்டிவிடுவார்கள். வக்கீல் மூலம் கேட்க வேண்டியது இதுதான்: எந்தக் கோரிக்கை, அதன் ஒவ்வொரு அங்கமும் எங்கள் பல்பில் எங்கே இருக்கிறது என்று அட்டவணை போட்டுக் கொடுங்கள். கோரிக்கையில் நான்கு அங்கம் இருந்து உங்கள் பல்பில் மூன்றுதான் என்றால், பெரும்பாலும் மீறல் இல்லை. ஆதாரமில்லாமல் மிரட்டினால் 106-ஆம் பிரிவில் நீங்களே வழக்குப் போடலாம். ஆனால் "இப்படி ஒரு காப்புரிமை இருக்கிறது" என்று தெரிவிப்பது மட்டும் மிரட்டல் ஆகாது.

வழக்கே வந்தாலும், காப்புரிமை செல்லாது என்பதையே எதிர்வாதமாக வைக்க 107-ஆம் பிரிவு இடம் தருகிறது. அதை ரத்து செய்யக் கோரி எதிர்மனு போட்டால் வழக்கு மாவட்ட நீதிமன்றத்திலிருந்து உயர்நீதிமன்றத்துக்குப் போய்விடும். செலவு கூடும். அதனால் பட்டறை தனியாகச் சுமக்காமல், ஒரே சிப் வாங்கிய நான்கு பேர் சேர்ந்து ஒரு வக்கீலை வையுங்கள். யாருக்கெல்லாம் அதே நோட்டீஸ் வந்திருக்கிறது என்று இந்த வாரமே விசாரித்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
விளக்குத் தொழிலும் காப்புரிமைச் சட்டமும் அறிந்த சிலர்,
திருநெல்வேலி