உப்பில்லாத கடலும் உப்பால் வாழ்ந்த ஊரும்

ஸ்டுட்கார்ட்,
ஏப்ரல் 26

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் நாலு பேரும் நலம். நீங்களும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? அங்கே இப்போது வெயில் கொளுத்தும், அளத்தில் உப்பு வாரும் நேரம். தினமும் காலையில் எழுந்ததும் அதைத்தான் நினைக்கிறேன்.

ஈஸ்டர் லீவில் பின்லாந்தில் இருக்கும் ஹெல்சிங்கிக்கும் எஸ்தோனியாவில் இருக்கும் தாலினுக்கும் போய் வந்தோம் என்று போனில் சொன்னேன். லைன் விட்டு விட்டுக் கேட்டதில் பாதிதான் உங்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். எழுதினால் திண்ணையில் உட்கார்ந்து இரண்டு தரம் படிப்பீர்கள். அதோடு, இந்தப் பயணத்தில் போன இடமெல்லாம் உங்கள் நினைப்புத்தான். அதைப் போனில் சொல்ல வரவில்லை.

சனிக்கிழமை ஹெல்சிங்கியில் இறங்கினோம். வசந்தகாலம் என்கிறார்கள், ஆனால் மரத்தில் ஒரு இலை கிடையாது. காற்று காதை அறுக்கிறது. வெளிச்சம் மட்டும் ராத்திரி எட்டரை வரைக்கும் இருக்கிறது, சின்னவன் தூங்கவே மாட்டேன் என்கிறான். அவனைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு டிராமில் ஏறினால் தள்ளிக்கொண்டு வருபவருக்கு டிக்கெட் கிடையாது. சின்னப் பிள்ளை வைத்திருப்பவர்கள் மேல் அந்த ஊருக்கு இருக்கும் கரிசனம் எனக்கு ரொம்பப் பிடித்தது.

மறுநாள் குருத்தோலை ஞாயிறு. நாங்கள் தங்கியிருந்த வீட்டின் மணி அடித்தது. திறந்தால் தலையில் முக்காடு, கன்னத்தில் செம்புள்ளி என்று சூனியக்காரக் கிழவி வேஷத்தில் இரண்டு சின்னப் பெண்கள். கையில் இறகு கட்டிய குச்சிகள். குச்சியை எங்கள் பக்கம் ஆட்டி ஆட்டி ஒரு பாட்டுப் பாடினார்கள். வருஷம் முழுக்க நோய்நொடி இல்லாமல் இருங்கள் என்று வாழ்த்தும் பாட்டாம். பாடி முடித்துக் குச்சியைக் கொடுத்தால் நாம் சாக்லேட் முட்டை கொடுக்கவேண்டும். எங்களிடம் அம்மா அனுப்பிய எள்ளுருண்டைதான் இருந்தது, அதைக் கொடுத்தோம். பனையும் தென்னையும் இல்லாத நாடு அல்லவா, குருத்தோலைக்குப் பதில் வில்லோ மரத்தின் மொட்டுக் குச்சி. அந்த மொட்டு சாம்பல் நிறத்தில், பூனைக்குட்டியின் காதைத் தொடுவது போல இருக்கிறது. பெரியவள் அதைப் பத்திரமாகக் கொண்டுவந்து இங்கே மாதா படத்துக்குப் பக்கத்தில் செருகி வைத்திருக்கிறாள்.

ஈஸ்டருக்கு மேம்மி என்று ஒன்று சாப்பிடுகிறார்கள். ரை என்கிற தானியத்து மாவையும் முளைகட்டிய தானியத்தையும் தண்ணீர் விட்டுக் கிண்டி, அடுப்பில் வேகவைத்தது. பார்க்க அப்படியே அம்மாவின் கருப்பட்டிக் களி! நல்லெண்ணெய்தான் இல்லை, அதற்குப் பாலாடையும் சீனியும். உங்கள் மருமகன் இரண்டு கரண்டியோடு நிறுத்திக்கொண்டார். நான் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டேன்.

இனி உங்களுக்காக எழுத நினைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

திங்கட்கிழமை சுவோமென்லின்னா என்ற கோட்டைத் தீவுக்குப் போனோம். படகில் கால் மணி நேரம். பின்லாந்து ஸ்வீடன் ஆட்சியில் இருந்தபோது 1748-ல் கட்ட ஆரம்பித்த கோட்டை. இன்றைக்கும் அங்கே எண்ணூறு பேர் போலக் குடியிருக்கிறார்கள். பிள்ளைகள் பீரங்கி மேல் ஏறி விளையாடிவிட்டுப் பாறைக்கு இறங்கினார்கள். பெரியவள் தண்ணீரில் விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். "அம்மா, இது கடல் இல்லை, ஏரி" என்றாள். நான் நம்பவில்லை. குனிந்து ஒரு கை அள்ளி வாயில் விட்டேன். அப்பா, கரிக்கவே இல்லை! கஞ்சிக்கு உப்புப் போட்டால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவுதான்.

மற்றக் கடல்களில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு என்றால் அங்கே, அந்தப் பால்டிக் கடலில், ஐந்து ஆறு கிராம்தான் தேறும். சுற்றியிருக்கும் நாடுகளின் ஆறெல்லாம் பால்டிக் கடலில் வந்து விழுகிறது. பெருங்கடலோடு அதற்கு இருக்கும் வழியோ டென்மார்க் பக்கம் உள்ள குறுகிய நீரிணைகள் மட்டும்தான். நம் ஊர் போல வெயில் காய்ந்து தண்ணீர் வற்றுவதும் இல்லை. அதனால் ஆற்று மீனும் அந்தக் கடலில் வாழ்கிறது, குளிர்காலத்தில் கடல் சீக்கிரம் உறைந்தும் போகிறது.

விரலை நனைத்து நாக்கில் வைத்தே பாத்தித் தண்ணீரில் உப்பு எத்தனை டிகிரிக்கு ஏறியிருக்கிறது என்று சொல்வீர்களே, இருபத்தைந்துக்கு வந்தால்தான் உப்பு இறங்கும் என்பீர்களே, அது எனக்கு அங்கே ஞாபகம் வந்தது. அந்தத் தண்ணீரைப் பாத்தி கட்டி வைத்தால் உங்கள் ஆயுசுக்கும் ஒரு அம்பாரம் சேராது.

செவ்வாய்க்கிழமை தாலினுக்குக் கப்பல். இரண்டு மணி நேரம், அடுத்த நாடு எஸ்தோனியா. பழைய நகரம் மதில் சுவரோடு அப்படியே இருக்கிறது. 1422-லேயே இருந்த மருந்துக்கடை இன்னும் மருந்து விற்கிறது. ஆனால் நான் நின்று பார்த்தது வியாபாரிகளின் வீடுகளைத்தான். கூரை முகட்டுக்குக் கீழே ஒரு உத்திரம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதில் கப்பி மாட்டி மூட்டைகளை மேல்மாடிக்கு இழுப்பார்களாம். கீழே குடும்பம், மேலே கிட்டங்கி. அந்த மூட்டைகளில் முக்கியமான சரக்கு என்ன தெரியுமா? உப்பு!

தாலின் உப்பின் மேல் கட்டிய ஊர் என்றே அங்கே ஒரு சொலவடை இருக்கிறது. அவர்கள் கடலில் உப்பு விளையாது. உப்பு இல்லாவிட்டால் அந்தக் குளிர்காலத்துக்கு மீனும் இறைச்சியும் பதப்படுத்த முடியாது. அதனால் மேற்கிலிருந்து கப்பல் கப்பலாக உப்பு வரும். தாலினில் இறங்கி ரஷ்யாவுக்கும் பின்லாந்துக்கும் போகும். முதலில் ஜெர்மனியிலிருந்து காய்ச்சிய உப்பு வந்தது, அப்புறம் பிரான்சிலும் போர்ச்சுகலிலும் கடற்கரையில் பாத்தி கட்டி வெயிலில் விளைவித்த உப்பும் வந்தது. நம் அளம் போலவே.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் 1908-ல் கட்டிய ஒரு உப்புக் கிட்டங்கியும் இருக்கிறது. சுண்ணாம்புக் கல், கனத்த சுவர். இப்போது கட்டடக் கலை அருங்காட்சியகமாக இருக்கிறது. சுவரில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். "தாத்தா உப்பு இங்கே வந்திருக்குமா?" என்று கேட்டாள் பெரியவள். இல்லை, ஆனால் தாத்தா போல ஒருவர் வாருபலகை பிடித்து வாரின உப்புத்தான் இந்த ஊருக்கு வந்தது என்று சொன்னேன். உப்பு விற்றவர்களின் வீடுகளுக்கு அங்கே அழகாகப் பலகை வைத்திருக்கிறார்கள். வாரினவர்களைப் பற்றி நான் பார்த்த வரை ஒரு வரி இல்லை. எனக்கு அது வருத்தமாக இருந்தது அப்பா. ஊர் வந்து சேரும் வரை பிள்ளைகளுக்கு உங்கள் கதைதான் சொன்னேன்: விடியுமுன்னே அளத்துக்குப் போனது, உப்புத் தண்ணீரில் நின்று கால் வெடித்தது, அந்தக் கூலியில் என்னைப் படிக்க வைத்தது, எல்லாம்.

அம்மாவிடம் சொல்லுங்கள், அங்கே கறுப்பு ரொட்டி மேல் கிலு என்ற சின்ன மீனை வைத்துத் தருகிறார்கள். நம் சாளைக்குத் தம்பி போல இருக்கிறது, உப்பும் மசாலாவும் போட்டு ஊறவைத்தது. இரண்டு டப்பா வாங்கி வைத்திருக்கிறேன்.

வெள்ளை உப்பில் வெயில் பட்டு உங்கள் கண் கூசுகிறது என்று அம்மா சொன்னாள். கண் டாக்டரிடம் இந்த வாரமே போய்விடுங்கள், தள்ளிப்போடாதீர்கள். கறுப்புக் கண்ணாடி வாங்கத் தனியாகப் பணம் அனுப்பியிருக்கிறேன். அதை வேறு செலவுக்கு எடுக்கக் கூடாது.

ஆகஸ்டில் வருகிறோம். சுவோமென்லின்னாப் பாறையில் ஒரு சின்ன பாட்டிலில் கடல் தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறாள் உங்கள் பேத்தி. தாத்தா விரலை நனைத்து எத்தனை டிகிரி என்று சொல்லவேண்டுமாம்.

உங்கள் அன்பு மகள்